கொடுத்தாச்சு, தீர்ந்ததா? – 'பே' என்னும் ஆங்கில வினைச்சொல் குறித்து

ஆங்கிலத்தில் பணத்தைப் பற்றிய வினைச்சொற்கள் ஏராளம். அவற்றுள் புழங்கிப் புழங்கி அதிகம் தேய்ந்தது 'பே' என்பது. பால்காரருக்குப் பே பண்ணணும், ஸ்கூல் ஃபீஸ் பே பண்ணியாச்சா, சொசைட்டி மெயின்டனன்ஸ் இந்த மாசம் யார் பே பண்றது என்று மும்பைத் தமிழ் வீடுகளில் இந்தச் சொல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது உருளும். அர்த்தம் என்னவென்று கேட்டால் நம் கையடக்க அகராதிகள் 'பணம் கொடு, செலுத்து' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரியில் விடுபட்டுப் போவது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். கணக்குப் புத்தகம் விற்கிறவனுக்குச் சொல்லாராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பேமென்ட் வராமல் கடையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் ஐயா அந்தச் சொல்லின் அருமை தெரியும்!

முதலில் ஒரு தடையை நீக்கிவிடுகிறேன். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் மலர்களில் 'இந்த ஆங்கிலச் சொல் நம் தமிழிலிருந்து போனது' என்ற வகைக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். அதைக் குறை சொல்ல மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர், 'பே' என்பது நம்முடைய 'பை'தான், பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதால் அப்படி ஆயிற்று என்று பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கு நேராகவில்லை. ஒரு பேரேட்டை எடுத்துக்கொண்டால், இன்றைய பாக்கியை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. முந்தைய ஏடுகளைப் புரட்டி, ஆரம்ப இருப்பு என்ன என்று பார்க்கிறோம். சொல்லுக்கும் அதே முறைதான். இன்று காதில் எப்படி விழுகிறது என்பதல்ல கேள்வி, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னும் அது எந்த உருவத்தில் இருந்தது என்பதே கேள்வி.

அப்படிப் புரட்டினால் வருவது இது. ஆங்கிலத்துக்குப் 'பே' சொந்தச் சொல் இல்லை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுக்காரர்களின் வழியாக, 1200ஐ ஒட்டி உள்ளே வந்தது. பிரெஞ்சில் அதன் இன்றைய உருவம் 'பெயே'. பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது, அங்கே 'பாக்காரே'. 1879 முதல் 1882 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஸ்கீட்டின் சொற்பிறப்பு அகராதி தொடங்கி, பெரிய ஆக்ஸ்போர்டு அகராதி வரை இதில் கருத்து வேற்றுமை கிடையாது. லத்தீன் 'க்க' தேய்ந்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மெல்லிய 'க' ஆயிற்று. பிரெஞ்சில் அந்த மெல்லிய 'க'வும் கரைந்து 'ய' ஆயிற்று. ஆங்கிலத்தில் அந்த 'ய'வும் பாதி விழுங்கப்பட்டது. இது ஏதோ ஐரோப்பிய விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். அகப்பை நம் சமையலறையில் ஆப்பை ஆகவில்லையா? பகுதி பாதி ஆகவில்லையா? நடுவில் நிற்கும் 'க' மெலிந்து காணாமல் போவது நாமும் செய்கிற காரியம்தான்.

நடுவில் அப்படி ஒரு 'க' இருந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் ரோம் வரை போக வேண்டாம். பாத்திரம் தேய்க்க வருகிற பாய் மாசம் பிறந்தால் என்ன கேட்கிறார்? 'பகார்'. மராத்தியிலும் குஜராத்தியிலும் கொங்கணியிலும் சம்பளத்துக்கு அதுதான் பெயர். இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் 'அப்பாவுக்குப் பகார் வந்தாச்சு' என்றுதான் சொல்கிறார்கள். இது போர்ச்சுகீசியச் சொல். அந்த மொழியில் 'பகார்' என்றால் 'பே' பண்ணுவது. 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து இந்தத் தீவுகள் போர்ச்சுகீசியருக்குக் கைமாறின. 1661இல் அவர்களுடைய இளவரசியின் சீதனமாக ஆங்கில அரசருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு, 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. முதலில் வந்தவர்கள் விட்டுப்போனது 'பகார்'. பின்னால் வந்தவர்கள் கொண்டு வந்தது 'பே'. ஒரு வயிற்றில் பிறந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்த இரண்டு பிள்ளைகள் இந்த ஊர்த் தெருவில் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். 'பை'யிலிருந்து 'பே' வந்தது என்பவர்கள் இந்தப் பகாரில் உள்ள 'க' எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டும்.

ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று எண்ணுவதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே சான்று உண்டு. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் காய்ச்சிய கீல் ஊற்றி நீர் புகாமல் அடைப்பதற்கும் மாலுமிகள் 'பே' என்பார்கள். எழுத்தும் அதே, ஒலியும் அதே. ஆனால் அது கீலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே மொழியில், ஒரே எழுத்தில் எழுதுகிற இரண்டே உறவில்லாதபோது, ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற பையை எப்படி இழுப்பது?

தமிழுக்கு உண்மையாகவே பங்கு உள்ள இடம் ஒன்று இருக்கிறது. 'கேஷ்'. அதையும் அளவோடு சொல்ல வேண்டும். கீழ்த்திசை நாணயம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' நம்முடைய காசுதான். காசைப் போர்ச்சுகீசியர் 'கைஷா' ஆக்க, ஆங்கிலேயர் 'கேஷ்' ஆக்கினர். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. சென்னையில் 1818 வரை கம்பெனிக் கணக்கே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றுதான் ஓடியது. சீனத்து ஓட்டைக் காசுகூட இந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் கேஷ் பெட்டி, கேஷியர், செக்கைக் கேஷ் பண்ணுவது என்பதெல்லாம் வேறு வழி. அது பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்ஸா'வின் வாரிசு, இத்தாலிய 'கஸ்ஸா', பிரெஞ்சு 'கெஸ்' வழியாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகீசியத்தில் பெட்டிக்கும் 'கைஷா' என்றே பெயர். அதனால்தான் இரண்டும் குழம்பின. காசு நம்முடையது, பெட்டி அவர்களுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டால் வழக்கு முடிந்தது. நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். சேராததையும் சேர்த்து எழுதினால், நாளைக்கு நம் பிள்ளை கல்லூரியில் அதைச் சொல்லி அவமானப்பட்டு வந்து, உண்மையான காசையும் சேர்த்து நம்ப மறுத்துவிடும். இந்தக் கவலை எனக்கு நிஜமாகவே உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். 'பாக்காரே' என்றால் லத்தீனில் பணம் கொடுப்பதே அல்ல. 'பாக்ஸ்' என்றால் சமாதானம். 'பாக்காரே' என்றால் சமாதானப்படுத்துவது, சாந்தப்படுத்துவது. ஆங்கிலத்தில் 'பீஸ்' என்று அமைதிக்குச் சொல்கிறோமே, அதுவும் இந்த 'பாக்ஸ்' வழிதான். ஆக, 'பே'யும் 'பீஸும்' சொந்தக்காரர்கள். கோபமாக இருப்பவரை ஆற்றுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'அப்பீஸ்' என்ற சொல்லும் அதே வீடு. ரோமர் காலம் போய், இடைக்கால லத்தீனில்தான் கடன் கொடுத்தவனைச் சாந்தப்படுத்துவது என்ற பொருள் இந்தச் சொல்லில் ஏறியது. அவனை எதைக் கொண்டு சாந்தப்படுத்துவது? பணத்தைக் கொண்டு. அங்கிருந்து பணம் கொடுப்பது என்ற பொருள் பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருந்தன. 14ஆம் நூற்றாண்டுக் கவி சாஸர் காலத்தில் ஒருவர் 'சரியாகப் பே ஆகவில்லை' என்றால் அவருக்கு மனக்குறை, முகம் கோணியிருக்கிறார் என்று அர்த்தம். சம்பளப் பாக்கி இல்லை. 1500ஐ ஒட்டி அந்தப் பழைய பொருள் வழக்கொழிந்தது. மனசு போய்விட்டது, பணம் மட்டும் நின்றது.

இது லத்தீனுக்கு மட்டும் உள்ள குணமில்லை என்பதுதான் என்னை வியக்க வைத்தது. எபிரேய மொழியில் 'ஷாலோம்' என்றால் சமாதானம் என்று எல்லோருக்கும் தெரியும். அதே வேரில் 'ஷில்லேம்' என்றால் கடனைத் தீர்ப்பது. ஜெர்மன் சட்ட மொழியில் கடன்காரனுக்குக் கொடுத்து முடிப்பதற்கு 'பெஃப்ரீடிகுங்' என்று பெயர். உள்ளே இருப்பது 'ஃப்ரீடன்', அதாவது சமாதானம். ஆங்கிலத்தில் கணக்கு நேரானால் 'க்விட்ஸ்' என்கிறார்கள். அது 'க்வையட்' என்பதன் உறவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எபிரேயமும் லத்தீனும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடன் என்பது இருவருக்கு நடுவே உள்ள ஒரு கலவரம். அதை அடக்குவதுதான் கொடுப்பது என்ற எண்ணம் மனிதருக்குப் பழையது. 2011இல் டேவிட் கிரேபர் எழுதிய கடனின் ஐயாயிரம் ஆண்டு வரலாற்று நூலும் இந்த இடத்தைத் தொட்டுச் செல்கிறது.

இதைக் கேட்டதும் 'ஆகா, பே என்றால் அமைதி! பணம் கொடுப்பதே ஒரு சாந்தி யாகம்!' என்று உபதேசம் செய்யக் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. ரோமர்களின் சமாதானம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? ஜூலியஸ் சீசர் காலியா நாட்டுப் போர்களைப் பற்றி எழுதிய நூலில், அடித்து அடக்கிய பிரதேசங்களுக்கு இதே 'பாக்காரே' என்ற வினையைத்தான் கையாள்கிறார். ஊரைக் கொளுத்தி, ஆட்களை அடிமையாக விற்று, மிஞ்சியவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அது சமாதானம். ஆகவே இந்தச் சொல்லுக்குள் அன்பு மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. யார் யாரைச் சாந்தப்படுத்துகிறார்கள்? ரோமாபுரியில் பலசாலி எளியவனை வாளால் அடக்கினான். இடைக்காலத்தில் சொல் தலைகீழாகிவிட்டது. எளியவன் பலசாலியைப் பணத்தால் சாந்தப்படுத்தினான். வட்டிக்கு வாங்கியிருக்கிற எந்தக் குடியானவனைக் கேட்டாலும் இது புரியும். வாசலில் வந்து சத்தம் போடாமல் இருக்க மாசா மாசம் கொடுப்பது என்ன, அன்பினாலா?

'பே' வருவதற்கு முன் ஆங்கிலேயர் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கத் தோன்றும். அவர்களுடைய சொந்தச் சொல் 'கில்டன்' போன்ற ஒன்று. அது இன்று 'யீல்டு' என்று தேய்ந்து நிற்கிறது. ஜெர்மனியில் பணத்துக்கே 'கெல்டு' என்று பெயர். பழைய ஆங்கிலச் சமூகத்தில் ஒருவனைக் கொன்றுவிட்டால் அவன் குடும்பம் பழிக்குப் பழி வாங்கக் கிளம்பாமல் இருக்க உயிர்விலை கொடுப்பார்கள், கி.பி. 600ஐ ஒட்டிக் கென்ட் அரசன் எத்தல்பெர்ட் வகுத்த சட்டத்தில் சாதாரணக் குடிமகனின் உயிர்விலை 100 ஷில்லிங். அந்த உயிர்விலையின் பெயரிலேயே இந்தக் 'கில்டு' இருந்தது. புதுச் சொல் வந்ததும் பழைய சொல் வேலையிழந்து, 'விட்டுக்கொடு', 'விளைச்சல் கொடு' என்று திசை மாறிவிட்டது. பங்குச் சந்தையில் பத்திரத்துக்கு யீல்டு எத்தனை என்று கேட்கிற நம் பிள்ளைகள், பழைய 'பே'யைத்தான் வேறு பெயரில் கேட்கிறார்கள்.

தமிழ் என்ன செய்தது? 'பே'க்கு நம்மிடம் ஒரே சொல் இல்லை. அது குறையும் இல்லை. ஃபீஸையும் கரண்ட் பில்லையும் கட்டுகிறோம். கடைக்காரருக்குக் கொடுக்கிறோம். வரியைச் செலுத்துகிறோம். கடனை அடைக்கிறோம், தீர்க்கிறோம். பாக்கியைப் பைசல் பண்ணுகிறோம். இந்தப் பைசல் அரபியிலிருந்து வந்தது, தீர்ப்புச் சொல்லி அறுத்து முடிப்பது. இந்திக்காரர் 'சுகானா' என்பதும், இங்கே மார்க்கெட்டில் 'ஹிசாப் சுக்தா' என்பதும் முடித்துவிடுவது என்ற பொருளில்தான். நம் பழைய சொல் 'இறுத்தல்'. சோழர் கல்வெட்டுகளில் நிலவரி இறை, அது நீங்கிய நிலம் இறையிலி. இறு என்றால் முடி என்றும் பொருள், இறுதி அதிலிருந்துதான். இவற்றை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: லத்தீன்காரன் கடன் கொடுத்தவனின் முகத்தைப் பார்த்தான், நாம் கடனையே பார்த்தோம். அது ஓர் ஓட்டை, அடைக்க வேண்டும். ஒரு நோய், தீர்க்க வேண்டும். எதிரில் நிற்பவன் சாந்தமானானா என்பது நம் வினைச்சொல்லில் இல்லை.

ஆனால் தமிழன் முகம் பார்க்காதவன் என்று சொல்லிவிட முடியாது. கேட்பவன் தாழ்ந்தவனானால் 'ஈ', சமமானவனானால் 'தா', உயர்ந்தவனானால் 'கொடு' என்று தொல்காப்பியம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொடுப்பதில் இரு மனிதரின் நிலை தெரிந்தது; கடனைத் தீர்ப்பதில்தான் அந்த மனிதர் மறைந்தார். ஏன் என்று நான் யோசித்தது உண்டு. நமக்குக் கடன் என்பது பணக்கணக்கு மட்டும் இல்லையே. காலைக்கடன் இருக்கிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் கடன் சொல்கிறார். ஒன்றும் ரூபாய்க் கடன் இல்லை. அதுவே சோழர் கல்வெட்டில் 'கடமை' என்று வந்தால் வரி! ஆங்கிலத்திலும் இந்தப் பிணைப்பு உண்டு. 'செய்ய வேண்டும்' என்பதற்கு வருகிற 'ஆட்' என்ற சொல், 'ஓ' என்ற, கடன்பட்டிருப்பதைச் சொல்லும் வினையின் பழைய இறந்தகாலம். அந்த 'ஓ'வுக்கு முதல் பொருள் 'உடைமையாக வைத்திருத்தல்' என்பது இன்னொரு வேடிக்கை. உன்னிடம் இருப்பது உன்னுடையது என்று ஆரம்பித்து, உன்னிடம் இருப்பது பிறருக்குச் சேர வேண்டியது என்று முடிந்தது அந்தச் சொல்.

செலவு என்ற சொல்லையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியை நினைத்துப் போகாமல் நிற்பது 'செலவழுங்கல்'. இன்றைக்குச் செலவழுங்கல் என்றால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள். நம் மொழியில் பணம் வரும், செல்லும், வரவு, செலவு. ஆங்கிலத்தின் 'ஸ்பெண்டு' அப்படி இல்லை, அது தராசில் நிறுத்துக் கொடுப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பவுனும் பென்ஷனும் அந்தத் தராசுக் குடும்பம்தான்.

இப்போது பத்திரிகைத் தமிழ் பற்றி ஒரு புகார். செலுத்து என்றால் செல்ல வைப்பது. தேரைச் செலுத்தலாம், அம்பைச் செலுத்தலாம், வரியையும் ஊரிலிருந்து அரண்மனைக்குச் செலுத்தலாம். ஆங்கிலத்தில் கவனத்தையும் மரியாதையையும் 'பே' பண்ணுவதைப் பார்த்து, நாமும் 'கவனம் செலுத்தினார்', 'அஞ்சலி செலுத்தினார்', 'அக்கறை செலுத்தினார்' என்று எழுதித் தள்ளுகிறோம். அஞ்சலி கைகூப்புவது, கூப்பிய கையை எங்கே செலுத்துவது? கருத்தூன்றினார், கவனித்தார், கும்பிட்டார் என்றால் குறைந்தா போகும்? இது பழகிவிட்டது, இனித் திருப்ப முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஆங்கிலத்துக்கு அந்த வழக்கில் ஓர் நியாயம் இருக்கிறது. பெரிய மனிதர் முன்னால் போய் நின்று அவர் மனசைக் குளிரச் செய்வதற்கும் பழைய 'பே'க்கும் பொருத்தம் உண்டு. நாம் நியாயத்தை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

பேச்சு வழக்கில் செத்துப்போன அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிற இடம் கோர்ட். ஆங்கிலச் சட்டத்தில் கடன் முடிவதற்கு 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்கிறார்கள், அதாவது திருப்தி. யாருடைய திருப்தி? வாங்க வேண்டியவரின் திருப்தி. ஆனால் அவர்களுடைய நீதிமன்றம் அந்தத் திருப்தியை முழுசாக நம்பவில்லை. 1602இல் பின்னல் என்பவர் வழக்கில் வகுத்த விதி: நூறு தர வேண்டியவன் ஐம்பது கொடுத்து, கொடுத்தவனும் 'போதும்' என்று சொல்லிவிட்டாலும் கடன் தீராது. ஒரு குதிரையையோ பருந்தையோ அங்கியையோ கொடுத்து அவன் ஏற்றுக்கொண்டால் தீரும். பணத்துக்குப் பதில் குறைந்த பணம் மட்டும் ஆகாது! 1884இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், டாக்டர் ஃபோக்ஸ் என்பவர் திருமதி பீருக்கு 2,090 பவுன் சொச்சத்தைத் தவணையில் கட்டி முடித்திருந்தார். இனி நடவடிக்கை எடுப்பதில்லை என்று அந்த அம்மாள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கட்டி முடித்த பிறகு வட்டி எங்கே என்று கேட்டார். பிரபுக்கள் சபை அந்த அம்மாள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அந்த வழியில் போகவில்லை. வாங்க வேண்டியவர் தமக்குச் சரி என்று படுகிற எந்தத் திருப்தியையும் ஏற்கலாம் என்கிறது. அதன் உதாரணத்திலேயே 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு முழுக் கடனுக்கும் சரி என்று ஒப்புக்கொண்டால் முழுக் கடனும் தீர்ந்தது என்று இருக்கிறது. மார்க்கெட்டில் தினமும் நாங்கள் செய்கிற செட்டில்மென்ட் இதன் தைரியத்தில்தான். பழைய 'பாக்காரே'யின் அர்த்தம் லண்டனைவிட இங்கே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இருந்தும் பேமென்ட் தாமதம் என்ற வியாதி தீரவில்லை. என் வியாபாரத்தில் ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம், தீபாவளிக்கு எடுத்த பேரேடுகளுக்கும் குறிப்பேடுகளுக்கும் ஹோலி கழிந்தபின் பணம் அனுப்பும். ஃபோன் செய்தால் கணக்குப் பிரிவில் ஒரு பெண் குரல், 'பேமென்ட் ரிலீஸ் ஆகிவிட்டது சார், சிஸ்டத்தில் காட்டுகிறது' என்று சொல்லும். சிஸ்டத்துக்குச் சாந்தி; எனக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்று சொல்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், அப்படிக் காலத்தில் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்று இன்னொரு ஆணியும் அடித்தது. நல்ல விஷயம். ஆனால் இது உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரிகளை 2021இல் பதிவு செய்துகொள்ள அனுமதித்தார்கள். பலன் வங்கியின் முன்னுரிமைக் கடனோடு நின்றுவிட்டது, தாமதப் பேமென்ட் பாதுகாப்பு எங்களுக்குக் கிடையாது. கடனாக வாங்கிக்கொள், வர வேண்டியதைக் கேட்காதே என்கிற மாதிரி!

2016இல் யூபிஐ வந்தபின் இன்னொரு மாறுதல். கடையில் வைத்திருக்கும் பெட்டி, பணம் வந்ததைத் தானே கத்துகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. சௌகரியம்தான், மறுக்கவில்லை. சில்லறைத் தகராறு ஒழிந்தது. ஆனால் 'சரியா இருக்கா?' என்று கேட்டு, 'சரியா இருக்கு' என்று பதில் வாங்கிக்கொண்டு நகர்கிற அந்த ஒரு நொடி போய்விட்டது. பழைய சொல்லின் அர்த்தம் முழுவதும் அந்த நொடியில்தான் இருந்தது.

எங்கள் சமண மரபிலிருந்தும் ஒன்று சொல்ல இடம் கொடுங்கள். வினையைக் கடன் என்றும், போன பிறவிக் கடனை இந்தப் பிறவியில் அடைக்கிறோம் என்றும் பொதுவாகப் பேசுகிறோம். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் பாட்டிமார்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தத்துவப்படி அதற்கு ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்றுதான் பெயர். வினை வந்து ஒட்டுகிறது, கட்டுகிறது, பிறகு உதிர்கிறது. இதில் கடன் கொடுத்தவன் என்று ஒருவன் எதிரில் இல்லை. காணிக்கை கொடுத்தோ புகழ்ந்தோ யாரையும் சாந்தப்படுத்தி இதை முடிக்க முடியாது. ஆகவே இங்கே 'பே' என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. சமண நூல்களை ஆங்கிலமாக்குகிற நம் இளைஞர்கள் இந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போடாமல் இருந்தால் நல்லது.

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். பாங்கில் நேராகச் சம்பளம் விழுகிற காலத்துக்கு முன்னால், மாசக் கடைசியில் வரிசையில் நின்று, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்களே, அந்தப் பதிவேட்டுக்கு 'அக்விட்டன்ஸ் ரோல்' என்று பெயர். 'அக்விட்டன்ஸ்' என்பதற்குள் இருப்பதும் அந்தக் 'க்வையட்'தான். எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது, இனி நான் சத்தம் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது அது. கொடுத்த சர்க்கார் அதில் கையெழுத்துப் போடாது. வாங்கிய குமாஸ்தாதான் போட வேண்டும். எங்கள் கடைப் பேரேட்டிலும் அப்படித்தான்: பார்ட்டி பணம் கட்டிவிட்டுப் போன பிறகு, அவர் பெயருக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்து 'சுக்தா' என்று எழுதுகிற பேனா என் கையில் இருக்கிறது.